உளுத்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்குமா? முதியோரின் முதுகெலும்பு முறிவு: குடும்பத்தார் அறிய வேண்டியவை

“உம்மா பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. பத்து நாளா எழுந்து உட்கார முடியல. முதுகெலும்பு நசுங்கியிருக்கு, ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு. என்ன செய்யலாம்?”

ஊரிலிருந்து சென்னைக்கோ, துபைக்கோ, ஜித்தாவுக்கோ இப்படி ஓர் அழைப்பு போகிறது. மறுமுனையில் இருக்கும் மகனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. “இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?” என்பார் ஒருவர். “டாக்டர் சொன்னா உடனே செஞ்சிடணும்” என்பார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் வந்த எக்ஸ்ரே படத்தை நண்பரின் நண்பரான ஒரு மருத்துவருக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள்.

இந்த நேரத்தில் குடும்பங்கள் மூன்று தவறுகளைச் செய்வதுண்டு. அறுவை சிகிச்சை தேவைப்படாதவருக்கு அவசரப்பட்டுச் செய்வது ஒன்று. உண்மையில் தேவைப்படுபவருக்கு வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது இரண்டாவது. அறுவை முடிந்ததும் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எண்ணி, முறிவுக்குக் காரணமான எலும்பு பலவீனத்துக்கு மருத்துவம் பார்க்காமல் விடுவது மூன்றாவது. பெரும்பாலும் கவனத்துக்கே வராமல் போவது இந்த மூன்றாவது தவறுதான்.

இம்மூன்றையும் தவிர்க்க உதவும் அடிப்படைச் செய்திகளை இக்கட்டுரையில் பார்ப்போம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றல்ல. அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்கான தயாரிப்பு மட்டுமே.

எலும்புப்புரை வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு

‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு நோய்களைக் குறிக்கிறது. முழங்கால் மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்மானம். எலும்பின் உள்ளே இருக்கும் சத்தும் அடர்த்தியும் குறைந்து, எலும்பு முழுவதும் பலவீனமாவது எலும்புப்புரை. மருத்துவர்கள் இதை ஆஸ்டியோபொரோசிஸ் என்பார்கள்.

நல்ல எலும்பின் உட்பகுதி தேன்கூடு போன்று நெருக்கமான பின்னலாக இருக்கும். எலும்புப்புரை வந்தால் அந்தப் பின்னலின் இழைகள் மெலிந்து, அங்கங்கே அறுந்து, ஓட்டைகள் பெரிதாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உருவம் மாறாது. செல்லரித்து உளுத்துப்போன மரம் வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே வெற்றிடமாக இருப்பதைப் போன்றது இது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த இழப்பு வேகமாக நடக்கிறது. 70 வயதைக் கடந்த ஆண்களுக்கும் வரும். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், புகைபிடிப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ‘வலி நீக்கும் பொடி’களிலும் சில சமயம் ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் மூலம் அளக்கிறார்கள். அதில் டி ஸ்கோர் என்றொரு எண் வரும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. ஆனால் ஸ்கேன் எண் எப்படியிருந்தாலும், நின்ற நிலையிலிருந்து விழுந்ததிலோ, குனிந்து ஒரு குடத்தைத் தூக்கியதிலோ முதுகெலும்பு முறிந்தால், எலும்பு பலவீனமாக இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

முள்ளெலும்பு எப்படி நசுங்குகிறது?

நம் முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என அசையக்கூடியவை 24. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் உருளை வடிவில் ஒரு பெரிய பகுதி உண்டு. உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது அதுதான். அதற்குப் பின்னால் உள்ள குழாய் போன்ற பாதையில் தண்டுவடமும் நரம்புகளும் செல்கின்றன.

உள்ளே பின்னல் மெலிந்த முள்ளெலும்பு, எடை தாங்காமல் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். இதுதான் நசுங்கல் முறிவு. மார்பும் இடுப்பும் சந்திக்கும் இடத்தில்தான் இது அதிகம். அறிக்கையில் டி12, எல்1 என்று எழுதியிருப்பது அந்த இடத்தைத்தான்.

இத்தகைய முறிவுகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது. மற்றவை ‘வாயுப் பிடிப்பு’, ‘சுளுக்கு’, ‘வயசானா வர்ற வலி’ என்று தைலத்தோடு முடிந்துவிடுகின்றன. படுத்தால் குறைந்து, எழும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் சுரீரென்று வரும் வலி, உயரம் குறைவது, முதுகு கூனுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லா முறிவுக்கும் ஸ்க்ரூ தேவையில்லை

முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். எலும்புப்புரையால் வரும் முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமலே 6 முதல் 12 வாரங்களில் ஆறிவிடுகின்றன. வலி நிவாரணி, சில நாட்கள் மட்டும் ஓய்வு, இடுப்பு பெல்ட், பிசியோதெரபி, எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகியவையே சிகிச்சை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது தவறு. படுத்தே இருந்தால் எலும்பு இன்னும் கரையும், தசை சுருங்கும், படுக்கைப் புண்ணும், காலில் ரத்தக்கட்டும், நிமோனியாவும் வரும்.

எந்த முறிவு எந்த வகை என்று பிரிப்பதற்கு, ஜெர்மனியின் எலும்பு மற்றும் விபத்து சிகிச்சை மருத்துவர் சங்கம் ஒரு முறையை உருவாக்கி 2018-ல் வெளியிட்டது. அதில் ஐந்து நிலைகள் உண்டு:

1. எலும்பின் உருவம் மாறவில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில் மட்டும் வீக்கம் தெரிகிறது.
2. முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. பின்சுவரில் பாதிப்பு இல்லை, அல்லது ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறது.
3. பின்சுவரும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறது.
4. முள்ளெலும்பின் சட்டமே குலைந்து முழுவதும் சரிந்துவிட்டது.
5. எலும்போடு பின்பக்கப் பிணைப்புகளும் பிய்ந்து, முதுகெலும்பு விலகியோ சுழன்றோ இருக்கிறது.

இந்த நிலையோடு எலும்பின் அடர்த்தி, வலியின் அளவு, நரம்பு பாதிப்பு, எழுந்து நடக்க முடிகிறதா, நசுங்கல் கூடிக்கொண்டே போகிறதா, பொதுவான உடல்நலம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 6-க்குக் கீழே என்றால் அறுவை இல்லாத சிகிச்சை. 6-க்கு மேல் என்றால் அறுவை. சரியாக 6 என்றால் இரண்டில் எதுவும் பொருந்தும். எல்லா மருத்துவர்களும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் முடிவு ஒரே ஓர் எக்ஸ்ரேயை வைத்து எடுக்கப்படுவதல்ல என்பது இதிலிருந்து புரியும்.

எக்ஸ்ரேயில் தெரியும் நசுங்கல் நேற்று நடந்ததா, ஐந்து வருடத்துக்கு முன் நடந்ததா என்று சொல்வது கடினம். எம்ஆர்ஐயில்தான் புதிய முறிவு தனித்துத் தெரியும். சிடி ஸ்கேனில் எலும்பின் உடைசல் தெளிவாகத் தெரியும். எலும்பு அடர்த்தியைக் கணிக்கவும் அது உதவும். ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்றும் முக்கியம். எல்லா நசுங்கலும் எலும்புப்புரையால் வருவதல்ல. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் பரவலாக உண்டு. வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும் இதே போல முள்ளெலும்பை நசுக்கலாம். காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் இரவிலும் விடாத வலி இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எலும்பிலிருந்து துளி எடுத்துச் செய்யும் பயாப்ஸியும் உண்மையைக் காட்டும்.

அப்படியானால் யாருக்கு ஸ்க்ரூ?

பொதுவாகக் கீழ்க்கண்ட நிலைகளில் ஸ்க்ரூ பொருத்தும் அறுவை பரிசீலிக்கப்படுகிறது:

- உடைந்த எலும்புத் துண்டு பின்னால் தள்ளி, தண்டுவடத்தையோ நரம்பையோ அழுத்தும்போது.
- முறிவு நிலையற்றதாக இருந்து, எழுந்தால் முதுகெலும்பு மேலும் சரியும் என்ற நிலையில்.
- கூனல் வேகமாகக் கூடிக்கொண்டே போகும்போது.
- பல வாரங்கள் கடந்தும் எலும்பு கூடாமல், உள்ளே வெற்றிடம் உருவாகி, அசையும்போதெல்லாம் வலிக்கும்போது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹெர்மன் கும்மெல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்ததால் இது கும்மெல் நோய் எனப்படுகிறது. விழுந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து எலும்பு திடீரென்று சரிவது இதன் இயல்பு.
- முதுகெலும்பு முழுவதும் மூங்கில் போல ஒட்டி இறுகிப்போனவர்களுக்கு முறிவு ஏற்படும்போது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்கள் இவ்வகையினர். இவர்களுக்குச் சிறிய விழுகை கூட ஆபத்தான முறிவைத் தரும்.

கால் பலம் குறைவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, மலவாயைச் சுற்றி உணர்வு இல்லாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது அவசரநிலை. ‘பெருநாள் முடியட்டும்’, ‘மகன் ஊருக்கு வரட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நசுங்கிய நரம்பு எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அது மீளும் வாய்ப்பு குறையும்.

ஸ்க்ரூ எங்கே, எப்படிப் பொருத்தப்படுகிறது?

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பக்க உருளையையும் பின்பக்க வளைவையும் இணைக்கும் காம்பு போன்ற இரண்டு எலும்புப் பாலங்கள் உண்டு. இவற்றுக்கு பெடிக்கிள் என்று பெயர். முதுகின் பின்பக்கமிருந்து இந்தக் காம்பின் வழியாக ஸ்க்ரூவைச் செலுத்தி, முன்பக்க உருளை வரை கொண்டு செல்வார்கள். பிரான்ஸின் அறுவை மருத்துவர் ரேமோன் ரோய் காமி 1960-களில் இந்த முறையைக் கையாண்டு பரவலாக்கினார். இன்று உலகெங்கும் முதுகெலும்பு அறுவையின் அடிப்படையே இதுதான்.

இடுப்புப் பகுதியில் ஸ்க்ரூவின் தடிமன் பெரும்பாலும் 5.5 முதல் 7.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். நீளம் 40 முதல் 50 மில்லிமீட்டர். டைட்டானியக் கலவையால் ஆனது. உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள நல்ல முள்ளெலும்புகளில் இரு பக்கமும் ஸ்க்ரூக்களைப் பொருத்தி, அவற்றை இரண்டு ராடுகளால் இணைப்பார்கள். உடைந்த எலும்பின் மேல் விழும் எடையை இந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும். நரம்பு அழுத்தப்பட்டிருந்தால் அந்த இடத்தின் எலும்பை எடுத்து அழுத்தத்தையும் நீக்குவார்கள்.

முழு மயக்கம் கொடுத்து, நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே இதைச் செய்கிறார்கள். நரம்பின் அழுத்தத்தை நீக்க வேண்டிய தேவை இல்லாதபோது, பெரிதாகக் கீறாமல் சிறு துளைகள் வழியாகவே ஸ்க்ரூ பொருத்த முடியும். இதில் ரத்த இழப்பு குறைவு என்பதால் முதியவர்களுக்கு இது ஏற்றது.

பலவீனமான எலும்பில் என்ன சிக்கல்?

உளுத்த மரத்தில் திருகாணி முடுக்கியிருக்கிறீர்களா? முதலில் பிடித்ததுபோல் இருக்கும். நாலு நாள் கதவைத் திறந்து மூடினால் கீல் ஆடத் தொடங்கும். துளை பெரிதாகி ஆணி கையோடு வந்துவிடும்.

எலும்புப்புரை உள்ள முதுகிலும் இதுதான் நடக்கிறது. ஸ்க்ரூவின் பிடிப்பு எலும்பின் அடர்த்தியைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் குனியும்போதும் ஸ்க்ரூவின் முனை மேலும் கீழும் மிகச் சிறிதாக ஆடும். நல்ல எலும்பு அதைத் தாங்கும். மெலிந்த எலும்பு கரைந்து இடம் கொடுக்கும். சில மாதங்களில் எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். ஸ்க்ரூ தளர்கிறது என்பதன் அடையாளம் அது.

இரண்டாவது சிக்கல், சட்டம் முடியும் இடத்தில் வருகிறது. ராடு போட்ட பகுதி இரும்புபோல் உறுதியாகிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் முள்ளெலும்பு பழைய பலவீனத்திலேயே இருக்கிறது. எல்லா அசைவின் பாரமும் அந்த எல்லையில் விழுவதால், அங்கே புதிய முறிவும் கூனலும் வரலாம்.

பிடிப்பைக் கூட்டும் வழிகள்

இந்தச் சிக்கல்களைச் சமாளிக்க அறுவை மருத்துவர்கள் பல வழிகளைக் கையாளுகிறார்கள்.

*அதிக இடங்களில் ஸ்க்ரூ:* இளைஞருக்கு உடைந்த எலும்பின் மேலும் கீழும் ஒவ்வொரு முள்ளெலும்பு போதுமென்றால், எலும்புப்புரை உள்ளவருக்கு இரண்டிரண்டு வரை போக வேண்டியிருக்கும். பாரம் பல ஸ்க்ரூக்களுக்குப் பகிரப்படும். ‘ஒரு எலும்புதானே உடைந்தது, ஏன் எட்டு ஸ்க்ரூ?’ என்ற கேள்விக்கு இதுதான் விடை.

*தடித்த, நீண்ட ஸ்க்ரூ:* காம்பு இடம் கொடுக்கும் அளவுக்குத் தடித்ததாகவும் நீண்டதாகவும் தேர்ந்தெடுப்பார்கள். துளையை ஸ்க்ரூவைவிடச் சிறியதாகப் போட்டு, எலும்பு நெருங்கிப் பிடிக்கும்படி செய்வார்கள். இரு பக்க ஸ்க்ரூக்களும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பிடிப்பு கூடும்.

*கெட்டி எலும்பைத் தேடிச் செல்லும் பாதை:* எலும்பின் உள்ளே பஞ்சுபோல் இருந்தாலும் வெளி ஓடு ஓரளவு கெட்டியாக இருக்கும். இடுப்புப் பகுதியில் அந்த ஓட்டை அதிகம் தொட்டுச் செல்லும்படி வேறு கோணத்தில் ஸ்க்ரூ செலுத்தும் முறை 2009 முதல் பேசப்பட்டு வருகிறது.

*எலும்பு சிமென்ட்:* இன்று அதிகம் பயன்படுவது இதுதான். நடுவில் குழாயும் முனையில் ஓட்டைகளும் கொண்ட சிறப்பு ஸ்க்ரூவைப் பொருத்தி, அதன் வழியாகச் சில மில்லிலிட்டர் சிமென்ட்டைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இறுகி, ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கட்டியாக நின்று பிடித்துக்கொள்ளும். இது கட்டட சிமென்ட் அல்ல. பிஎம்எம்ஏ எனப்படும் அக்ரிலிக் பொருள். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுவதே.

*விரியும் ஸ்க்ரூ, பூச்சுள்ள ஸ்க்ரூ:* உள்ளே போனபின் முனை விரியும் வகையும், எலும்பு ஒட்டி வளர்வதற்கான பூச்சு கொண்ட வகையும் உண்டு. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

சிமென்ட்டிலும் ஆபத்து உண்டு. அது கசிந்து ரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகலாம். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அரிதாக மூச்சுத் திணறலைத் தரும். பின்பக்கம் கசிந்தால் நரம்பை அழுத்தும். பிற்காலத்தில் கிருமித் தொற்று வந்தால் சிமென்ட் உள்ள ஸ்க்ரூவை எடுப்பதும் கடினம். எனவே எல்லோருக்கும், எல்லா ஸ்க்ரூவுக்கும் சிமென்ட் என்பது சரியல்ல. தேவையான இடத்தில் மட்டும் அளவோடு பயன்படுத்துகிறார்கள்.

சிமென்ட் ஊசி மட்டும் போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. உடைந்த முள்ளெலும்புக்குள் நேரடியாக சிமென்ட் செலுத்துவது வெர்டிப்ரோபிளாஸ்டி. 1984-ல் பிரான்ஸில் முதலில் செய்யப்பட்டது. பலூனை விரித்து இடம் உண்டாக்கிய பின் செலுத்துவது கைஃபோபிளாஸ்டி. இவற்றில் ஸ்க்ரூவும் ராடும் கிடையாது. சிறு துளை போதும்.

2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகள், பொய்யாகச் செய்துகாட்டிய சிகிச்சையைவிட வெர்டிப்ரோபிளாஸ்டி வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என்று கூறி மருத்துவ உலகை அதிர வைத்தன. அதன்பின் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே புதிய முறிவால் கடுமையான வலி, மருந்துக்கும் அடங்காமல், எழவே முடியாத நிலை என்றிருப்பவர்களுக்கு மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பதே இன்றைய நடைமுறை. நரம்பு அழுத்தப்பட்டிருந்தாலோ முதுகெலும்பு நிலைகுலைந்திருந்தாலோ சிமென்ட் ஊசி மட்டும் போதாது. அங்கே ஸ்க்ரூவின் துணை வேண்டும்.

சம்மதக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

- இந்த முறிவு புதியதா, பழையதா? எம்ஆர்ஐ என்ன சொல்கிறது?
- நரம்பு பாதிப்பு இருக்கிறதா?
- அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? சில வாரம் பெல்ட்டோடு பார்க்கலாமா?
- எத்தனை ஸ்க்ரூ? சிமென்ட் தேவையா? ஏன்?
- சிறு துளை வழியாகச் செய்ய முடியுமா?
- இதயம், நுரையீரல், சிறுநீரகம் மயக்க மருந்தைத் தாங்குமா?
- எலும்புப்புரைக்கு எந்த மருந்து, எப்போது தொடங்கும்?
- மொத்தச் செலவு எவ்வளவு? ஸ்க்ரூவின் விலை தனியா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இந்த மருத்துவமனையில் இந்த அறுவைக்குப் பொருந்துமா?

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மருந்து, நாட்டு மருந்து என எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண்ணில் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அவசரம் இல்லாதபோது இன்னொரு முதுகெலும்பு நிபுணரின் கருத்தைக் கேட்பது எந்த மருத்துவரையும் அவமதிப்பதாகாது.

அறுவைக்குப் பின்: எலும்புக்கு என்ன மருந்து?

ஸ்க்ரூ உடைந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. மற்ற முள்ளெலும்புகள் எல்லாம் அதே பலவீனத்தோடுதான் இருக்கின்றன. ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிகிறது என்று 2001-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே எலும்பு மருந்துதான் அறுவையின் மறுபாதி.

வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ரமளானில் இதற்கான நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் இன்னொரு வகை. தினமும் போடும் டெரிபராடைட் ஊசி புதிய எலும்பை வளர்ப்பது. முதுகில் ஸ்க்ரூ பொருத்தியவர்களுக்கு அது தளர்வதைக் குறைக்கிறது என்று ஜப்பானில் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. விலை அதிகம். கடுமையான எலும்புப்புரைக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் ஓர் எச்சரிக்கை. தவணை தவறினால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறியலாம். பிள்ளைகளிடம் வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் பெற்றோர்கள், அங்கிருக்கும் காலத்தில் தவணை வந்தால் எங்கே போடுவது என்று புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் தேவை. பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன்கள், கீரை ஆகியவை உதவும். வீட்டுக்குள்ளேயே இருந்து, வெளியே போகும்போது உடல் முழுதும் மூடியிருக்கும் பெண்களுக்கு வெயில் படுவது குறைவு. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கை கால்களில் சிறிது வெயில் படும்படி அமரலாம். ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டியது. அதைத் தினமும் சாப்பிட்டு நஞ்சாகிப்போனவர்களும் உண்டு. சீட்டைக் கவனமாகப் படியுங்கள்.

வீட்டில், தொழுகையில், பயணத்தில்

பெரும்பாலும் ஓரிரு நாட்களில் எழுப்பி நடக்க வைப்பார்கள். பயந்து படுக்க வைக்காதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, கால்களைக் கீழே விட்டு எழ வேண்டும். குனிந்து எடுப்பது, முறுக்கித் திரும்புவது, குடம் தூக்குவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது ஆகியவை சில மாதங்களுக்கு வேண்டாம். மருத்துவர் சொன்ன தேதிகளில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். வலி இல்லாவிட்டாலும் ஸ்க்ரூ தளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்பக்கம் வளைந்து குனியும்போதுதான் முள்ளெலும்பின் மேல் அழுத்தம் அதிகமாகிறது. முறிவு ஆறும் வரையிலும், அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரையிலும் ருகூவும் ஸஜ்தாவும் முதுகுக்குச் சுமையே. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் சலுகை அளித்திருப்பதை நாம் அறிவோம். பல பெரியவர்கள் நாற்காலியில் தொழுவதைக் குறையாக எண்ணி, வலியைப் பொறுத்துக்கொண்டு குனிகிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

விழாமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, வெஸ்டர்ன் டாய்லெட், இரவில் எரியும் சிறு விளக்கு ஆகியவை மருந்துக்கு நிகரானவை. உளூ செய்யும் இடத்தின் ஈரம் கவனிக்கப்படாத ஆபத்து. ஒற்றைக் காலில் நின்று மறுகாலைத் தொட்டியில் வைத்துக் கழுவுவதற்குப் பதில், முக்காலியில் அமர்ந்து கழுவட்டும். தஹஜ்ஜுதுக்கும் சுப்ஹுக்கும் எழுபவர்களுக்கு, தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் தலைசுற்றலைத் தரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டைட்டானியம் ஸ்க்ரூ இருந்தாலும் பொதுவாகப் பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க முடியும். முன்கூட்டியே சொன்னால் போதும். விமானப் பயணத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். உம்ராவுக்குப் புறப்படும் முன் அறுவை மருத்துவரின் அனுமதி வேண்டும். போனாலும் தவாஃபையும் சயீயையும் சக்கர நாற்காலியில் செய்யத் தயங்க வேண்டாம்.

இறுதியாக

உளுத்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்குமா? பிடிக்கும். சரியான நோயாளியைத் தேர்ந்தெடுத்து, எலும்பின் பலவீனத்தை முன்பே கணக்கில் கொண்டு, அதற்கேற்ற முறையில் பொருத்தி, பின்னர் எலும்புக்கு மருந்தும் கொடுத்தால் பிடிக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும், செலவழித்த பணமும் பட்ட வலியும் வீணாகிவிடக்கூடும்.

ஊரிலிருந்து வரும் அந்த அழைப்புக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உம்மாவுக்கு 60 கடந்துவிட்டதா? வாப்பாவின் முதுகு கூனத் தொடங்கிவிட்டதா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். முதுகில் எட்டு ஸ்க்ரூ பொருத்துவதைவிட, சுவரில் நாலு ஸ்க்ரூ பொருத்துவது எளிது.